படத்துக்கும் அட்டவணைக்கும் ஸ்டைல் கிளாஸ்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தளத்தில் நாற்பது பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் டேக்குக்குள்ளேயே (பக்கத்தில் படத்தை வைக்கும் ஹெச்டிஎம்எல் குறிக்குள்ளேயே) அகலம், ஓரம், பார்டர் என எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். கணினியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் கைபேசியில் திறந்து பார்த்தால் படங்கள் திரையைத் தாண்டி வெளியே நிற்கின்றன, அட்டவணையில் கடைசி இரண்டு நெடுவரிசைகளைக் காணோம். திருத்த உட்கார்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது: நூற்றுச்சொச்சம் படங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டாக வேண்டும். மூன்று வாரம் இரவு வேலை. ஆரம்பத்திலேயே கிளாஸ் (ஒரே தோற்றம் வேண்டியவற்றுக்கு எல்லாம் கொடுக்கும் பொதுப் பெயர்) வைத்து எழுதியிருந்தால் ஒரே கோப்பில் நாலு வரி மாற்றியிருப்பேன். நான் இடறிய இடங்களில் நீங்களும் இடற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு விஷயம். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) கட்டளைச் சொற்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். கிளாஸ் பெயர்களை மட்டும் இங்கே இருப்பது போலவே தமிழில் வைக்கலாம். ஆமாம், பிரவுசர் அதை ஏற்றுக்கொள்ளும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, 3-ஆம் படியில் சொல்கிறேன்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

கோப்புகள் மூன்று வகை: பக்கத்தின் ஹெச்டிஎம்எல் கோப்பு, ஸ்டைல் எழுதும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்று, படங்கள் தனி ஃபோல்டரில். சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றே ஒன்று போதும். எல்லாப் பக்கங்களும் தலைப்பகுதியில் (ஹெட் டேக்குக்குள்) லிங்க் டேக் மூலம் அதையே அழைக்கட்டும். பக்கத்துக்கு ஒரு சிஎஸ்எஸ் என்று பிரித்தால் பழைய கதைக்கே திரும்பிவிடுவீர்கள்.

பணச்செலவு எதுவும் இல்லை. எளிய உரைத் தொகுப்பானும் பிரவுசரும் போதும். வேர்ட் போன்ற மென்பொருளில் மட்டும் எழுதாதீர்கள். அது நேரான மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், அதற்குப் பிறகு கிளாஸ் வேலை செய்யாது.

நேரம்: கீழே சொல்வதையெல்லாம் ஒரு பக்கத்தில் செய்து பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். பழைய பக்கங்களை மாற்றுவது தனிக் கணக்கு.

2. கிளாஸ் எழுதும் முறை

இதில் அதிகம் இல்லை. ஹெச்டிஎம்எல்லில் படத்தின் டேக்குக்குள் கிளாஸ் என்று எழுதி, மேற்கோள்குறிக்குள் பெயரைக் கொடுக்கிறீர்கள். சிஎஸ்எஸ்ஸில் அதே பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, அடைப்புக்குள் விதிகளை எழுதுகிறீர்கள். புள்ளி சிஎஸ்எஸ்ஸில் மட்டும்தான். ஹெச்டிஎம்எல்லிலும் புள்ளி வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று விழிப்பது முதல் வாரத்தில் எல்லோரும் செய்வது.

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று கிளாஸ் கொடுக்கலாம், நடுவே இடைவெளி விட்டால் போதும். இரண்டு கிளாஸும் ஒரே பண்பைச் சொன்னால் எது ஜெயிக்கும்? ஹெச்டிஎம்எல்லில் கடைசியாக எழுதிய பெயர்தான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. சிஎஸ்எஸ் கோப்பில் எந்த விதி பின்னால் வருகிறதோ அதுதான் நிற்கும். டேக்கில் பெயர்களை முன்பின்னாக மாற்றி எழுதுவதால் ஒன்றும் ஆகாது.

3. பெயர் வைப்பது

தோற்றத்தை வைத்துப் பெயரிடாதீர்கள். ‘சிவப்பு-கோடு’ என்று ஒரு கிளாஸ் வைத்திருந்தேன். நிறத்தை நீலமாக மாற்றிய பிறகும் பெயர் சிவப்பாகவே கிடந்தது. அந்தப் படம் பக்கத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பத்தியோடு ஒட்டி ஓரத்தில் நிற்கும் படமா? ‘பக்கப்படம்’. முழு அகலத்துக்கும் விரிவதா? ‘முழுப்படம்’. வரிசையாக அடுக்கும் சின்னப் படங்களா? ‘சிறுபடம்’. இந்த மூன்றே பெரும்பாலான தளங்களுக்குப் போதும். நான்காவது ஒன்று வேண்டும் என்று தோன்றினால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பாதி நேரம் அந்த ஆசை போய்விடும்.

பெயருக்குள் இடைவெளி கூடாது. ‘பக்க படம்’ என்று எழுதினால் பிரவுசர் அதை இரண்டு கிளாஸாக எடுத்துக்கொள்ளும். பெயர் 0 முதல் 9 வரையிலான எண்ணில் தொடங்கக் கூடாது. பெயரை ஆங்கிலத்தில் வைத்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு.

இப்போது நான் சொன்ன கண்ணி. அட்டவணையில் எண்கள் வரும் கட்டங்களுக்கு ‘தொகை’ என்று பெயர் வைத்தேன். ஹெச்டிஎம்எல்லில் தொகை, சிஎஸ்எஸ்ஸில் தொகை. எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆனால் விதி ஒட்டவே இல்லை. ஒரு மாலை முழுக்கப் போனது. விஷயம் இதுதான்: ‘தொ’ என்ற எழுத்தை யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையில்) இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரவுசர் உள்ளே இருக்கும் எண்களைத்தான் ஒப்பிடுகிறது, அதற்கு இவை வேறு வேறு பெயர்கள். ஒரு கோப்பில் தட்டச்சு செய்திருந்தேன், மற்றதில் ஒரு பழைய ஆவணத்திலிருந்து ஒட்டியிருந்தேன், அதனால் வந்த வினை. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. தமிழில் பெயர் வைப்பதானால் இந்த மூன்று உயிர்மெய்களும் வராத சொல்லாகப் பாருங்கள். நான் ‘தொகை’யை விட்டுவிட்டு ‘எண்’ என்று மாற்றிக்கொண்டேன்.

இரண்டு கோப்புகளையும் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) ஆகச் சேமியுங்கள். ஹெச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் அந்த முறையைச் சொல்லும் மெட்டா சார்செட் வரி முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும். தலைப்பகுதியின் முதல் வரியாகவே அதை வைத்துவிட்டால் கவலையில்லை. தமிழ் தெரியாதவர்களும் உங்கள் கோப்பில் கை வைப்பார்கள் என்றால் பேசாமல் ஆங்கிலப் பெயரே வைத்துவிடுங்கள்.

4. எல்லாப் படங்களுக்கும் பொதுவாக ஒரு விதி

கிளாஸுக்குப் போகும் முன், இமேஜ் டேக்குக்கே நேரடியாக இதை எழுதிவிடுங்கள்:

ஐஎம்ஜி {
  மேக்ஸ்-விட்த்: 100%;
  ஹைட்: ஆட்டோ;
  டிஸ்ப்ளே: பிளாக்;
}

முதல் வரி, படம் தன்னைச் சுற்றியிருக்கும் பெட்டியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். என் கைபேசிப் பிரச்சினையில் பாதி இந்த ஒரு வரியிலேயே தீர்ந்தது. இரண்டாவது வரியை மறந்தால் படம் சப்பையாகவோ நெட்டையாகவோ ஆகும். டேக்கில் உயரத்தையும் கொடுத்திருப்பீர்கள் அல்லவா? அகலம் சுருங்க, உயரம் அப்படியே நிற்கும். அதற்குத்தான் ‘ஆட்டோ’.

அதற்காக டேக்கில் இருக்கும் அகல, உயர எண்களை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். படம் ஒவ்வொன்றாக வந்து சேரும்போதெல்லாம் எழுத்து கீழே குதித்தது, படித்துக்கொண்டிருந்த வரி கண்ணைவிட்டுப் போய்விட்டது. அந்த இரண்டு எண்களும் இருந்தால் பிரவுசர் விகிதத்தைக் கணக்கிட்டு, படம் வரும் முன்பே இடத்தை ஒதுக்கி வைக்கும். எண்ணுக்குப் பின்னால் பிஎக்ஸ் (பிக்சல் அலகு) போட வேண்டாம், வெறும் எண்தான்.

மூன்றாவது வரி, படத்துக்குக் கீழே வரும் அந்த மர்மமான சின்ன இடைவெளிக்காக. படத்தைப் பிரவுசர் ஓர் எழுத்தைப் போல வரியில் உட்கார வைக்கிறது. வரிக்குக் கீழே இறங்கும் எழுத்துகளுக்காக விட்ட இடம்தான் இடைவெளியாகத் தெரிகிறது. வாக்கியத்துக்கு நடுவே சின்ன ஐகான் வைக்கும் பழக்கம் இருந்தால், அவற்றுக்குத் தனி கிளாஸ் வைத்து ‘இன்லைன்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

5. படங்களுக்கான கிளாஸ்கள்

முழுப்படத்துக்கு ‘மார்ஜின்: 1.5எம் ஆட்டோ’ போதும் (எம் என்பது எழுத்தின் அளவை ஒட்டிய அலகு). இடம் வலம் இரண்டிலும் ஆட்டோ கொடுத்தால் படம் நடுவில் வரும், ஆனால் படம் பிளாக் ஆக, அதாவது தனி வரியில் நிற்கும் பெட்டியாக இருந்தால்தான். டெக்ஸ்ட்-அலைன் சென்டரைப் படத்துக்கே கொடுத்துவிட்டு நகரவில்லையே என்று பார்ப்பவர்கள் நிறைய. அது பெட்டிக்குள் இருக்கும் எழுத்தை நகர்த்தும், பெட்டியை நகர்த்தாது.

சிறுபடங்களை ஒரே அளவில் அடுக்க, அகலத்தைக் கொடுத்து, ‘ஆஸ்பெக்ட்-ரேஷியோ: 4 / 3’, ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்’ இரண்டையும் சேருங்கள். படம் நசுங்காது, ஓரங்கள் வெட்டுப்படும். முகங்கள் உள்ள படம் என்றால் தலை வெட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

பக்கப்படம்தான் கொஞ்சம் வேலை வாங்கும். ஃப்ளோட் ரைட் கொடுத்தால் படம் வலப்பக்கம் ஒதுங்கி, எழுத்து இடப்பக்கம் சுற்றி ஓடும். கைபேசியில் இதைச் செய்தால் படத்துக்கும் திரை விளிம்புக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி இடம் மிஞ்சும், அதில் வரிக்கு ஒரு சொல் தொங்கும். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அது இன்னும் மோசம். அதனால் அகலமான திரையில் மட்டும் ஒதுக்குங்கள்:

.பக்கப்படம் {
  மார்ஜின்: 1எம் ஆட்டோ;
}
@மீடியா (மின்-விட்த்: 40எம்) {
  .பக்கப்படம் {
    ஃப்ளோட்: ரைட்;
    விட்த்: 40%;
    மார்ஜின்: 0 0 1எம் 1.5எம்;
  }
}

மார்ஜின் எண்களின் வரிசை மேல், வலம், கீழ், இடம். கடிகாரம் சுற்றும் திசை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் ஒதுங்கும் படத்துக்கு இடத்திலும் கீழேயும்தான் இடைவெளி தேவை.

பத்தி சின்னதாக இருந்து படம் நீளமாக இருந்தால், அடுத்த தலைப்பும் படத்தின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு டேக்குக்கு ‘கிளியர்: போத்’ கொடுங்கள். படம் பெட்டிக்கு வெளியே தொங்கினால் அந்தப் பெட்டிக்கு ‘டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்’.

படத்துக்குக் கீழே விளக்கம் எழுதுவதாக இருந்தால் ஃபிகர், ஃபிக்கேப்ஷன் டேக்குகளைப் பயன்படுத்துங்கள். அப்போது கிளாஸை ஃபிகருக்குக் கொடுக்க வேண்டும், படத்துக்கு அல்ல. படத்துக்குக் கொடுத்தால் படம் ஒரு பக்கமும் விளக்கம் ஒரு பக்கமும் பிரிந்து போகும். இன்னொன்று: ஃபிகருக்குப் பிரவுசர் தானாகவே இருபுறமும் 40 பிக்சல் மார்ஜின் வைக்கிறது. 360 பிக்சல் அகலமுள்ள திரையில் 80 பிக்சல் சும்மா போகிறது. நீங்களே மார்ஜின் எழுதிவிட்டால் அது போய்விடும்.

6. படக் கோப்பின் எடை

இங்கேதான் உண்மையான செலவு. கிளாஸால் படத்தை 300 பிக்சலாகக் காட்டினாலும், வாசகர் இறக்குவது முழுக் கோப்பை. 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4000க்கு 3000 பிக்சல். கோப்பு சில எம்பி இருக்கும். முழு அளவில் விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட் கணக்கில் நினைவகத்தில் 48 எம்பி. பக்கத்தில் ஆறு படம் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டப்போகும் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறைத்து ஏற்றினால் கூர்மையான திரைகளிலும் நன்றாகத் தெரியும். 300க்கு 600, 700க்கு 1400. புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி, கோட்டுப் படத்துக்கு எஸ்விஜி அல்லது பிஎன்ஜி. கீழே வரும் படங்களுக்கு டேக்கில் ‘லோடிங்’ என்பதற்கு ‘லேசி’ என்று கொடுங்கள். பக்கத்தைத் திறந்ததும் தெரியும் முதல் படத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள், அது தாமதமாகத்தான் வரும்.

7. அட்டவணை: அழகுக்கு முன் எலும்புக்கூடு

பழைய பயிற்சிப் பாடங்களில் டேபிள் டேக்குக்குள்ளேயே பார்டர், செல்பேடிங், பிஜிகலர் எழுதச் சொல்லியிருப்பார்கள். இப்போது அவை வேண்டாம். ஆனால் டேக்குகளைச் சரியாக எழுதுவது முக்கியம்: தலைப்புக்குக் கேப்ஷன், மேல் வரிசைக்கு டிஹெட், மற்றதற்கு டிபாடி. தலைப்புக் கட்டங்கள் டிஹெச், மற்ற கட்டங்கள் டிடி. டிஹெச்சுக்கு ஸ்கோப் கொடுத்தால், திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கு எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று தெரியும்.

டிபாடியை நீங்கள் எழுதாவிட்டாலும் பிரவுசர் தானே நுழைத்துவிடும். அதனால் டேபிளுக்கு நேர் உள்ளே இருக்கும் வரிசை (டிஆர்) என்ற பொருளில் ‘டேபிள் > டிஆர்’ என்று எழுதும் விதி எதையும் பிடிக்காது. ஒரு மணி நேரம் இதற்கும் கொடுத்திருக்கிறேன்.

8. அட்டவணைக்கு ஸ்டைல்

.விவர-அட்டவணை {
  பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ்;
  விட்த்: 100%;
}
.விவர-அட்டவணை டிஹெச், .விவர-அட்டவணை டிடி {
  பேடிங்: 0.5எம் 0.75எம்;
  பார்டர்-பாட்டம்: 1பிஎக்ஸ் சாலிட் கிரே;
}

கொலாப்ஸ் கொடுக்காவிட்டால் கட்டங்களுக்கு நடுவே 2 பிக்சல் இடைவெளி நின்று, கோடுகள் இரட்டைக் கோடாகத் தெரியும். நான்கு பக்கமும் கோடு போடுவதைவிடக் கீழ்க்கோடு மட்டும் போடுவது கண்ணுக்கு இதம். இது என் ரசனை, உங்களுடையது வேறாக இருக்கலாம். இரண்டாவது விதியில் காற்புள்ளிக்குப் பிறகும் கிளாஸ் பெயரைத் திரும்ப எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டால் தளத்திலுள்ள எல்லா டிடியும் மாறிவிடும்.

கட்டத்துக்குள் இடம் வேண்டுமானால் பேடிங்தான். டிடிக்கு மார்ஜின் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. கொலாப்ஸ் கொடுத்த அட்டவணைக்கு மூலைகளை வளைக்கும் பார்டர்-ரேடியஸும் பலிக்காது. வளைவு வேண்டுமென்றால் ‘செப்பரேட்’ ஆக்கி, பார்டர்-ஸ்பேசிங்கை 0 என்று வையுங்கள்.

எண்கள் வலப்பக்கம் ஒட்டி நின்றால்தான் மேலும் கீழும் ஒப்பிட முடியும். அதற்குத்தான் ‘எண்’ கிளாஸ்: டெக்ஸ்ட்-அலைன் ரைட், கூடவே ‘ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்: டேபுலர்-நம்ஸ்’. ஃபான்ட்டில் அந்த வசதி இருந்தால் எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்துக்கு வரும். நெடுவரிசை முழுக்க ஒவ்வொரு கட்டத்துக்கும் கிளாஸ் போடச் சோம்பல் பட்டு, நெடுவரிசையைக் குறிக்கும் கோல் டேக்குக்கு ஒரே ஒரு கிளாஸ் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பின்னணி நிறம், அகலம், பார்டர் போன்ற சிலவற்றைத்தான் கோல் ஏற்கும், எழுத்தின் ஒழுங்கை ஏற்காது. ‘டிடி:என்த்-சைல்ட்(3)’ என்று மூன்றாவது நெடுவரிசையைப் பிடிக்கலாம். ஆனால் நாளைக்கு நடுவே ஒரு நெடுவரிசை சேர்த்தால் கணக்கு தவறிவிடும். கட்டத்துக்குக் கிளாஸ் கொடுப்பதே நிம்மதி.

ஒன்றுவிட்டு ஒன்று நிறம் வேண்டுமானால் ‘டிபாடி டிஆர்:என்த்-சைல்ட்(ஈவன்)’. நிறம் மெல்லியதாக இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும்.

9. சிறிய திரையில் அட்டவணை

எட்டு நெடுவரிசை அட்டவணையைக் கைபேசியில் அடைக்க முடியாது. அதைத் தனியாக நகர்த்திப் பார்க்க வழி செய்யுங்கள். அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டியாக நிற்கும் டேக்), அதற்கு ‘அட்டவணை-உறை’ என்று கிளாஸ், அதில் ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ’. உள்ளே அட்டவணைக்கு ‘மின்-விட்த்: 36எம்’ போல ஒரு குறைந்தபட்ச அகலம் கொடுங்கள், இல்லாவிட்டால் நகர்வதற்குப் பதில் எல்லாம் நெருங்கி நசுங்கும். விசைப்பலகையால் நகர்த்துபவர்களுக்காக உறைக்கு டேப்இண்டெக்ஸ் 0 கொடுங்கள்.

இந்த உறை ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். பக்கத்தைக் கீழே உருட்டும்போது தலைப்பு வரிசை மேலேயே நிற்க வேண்டும் என்று ‘பொசிஷன்: ஸ்டிக்கி’ கொடுத்திருந்தால், உறை வந்ததும் அது நிற்காது. அது உறைக்குள் மட்டுமே ஒட்டும். நீளமான அட்டவணைக்கு உறையின் உயரத்தையும் ‘மேக்ஸ்-ஹைட்’ கொண்டு கட்டுப்படுத்தினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். ஸ்டிக்கிக்கு ‘டாப்: 0’ எழுத மறக்காதீர்கள், அது இல்லாமல் ஒட்டாது.

நீளமான சொற்கள் தனித் தலைவலி. ‘ஒருங்கிணைக்கப்பட்டவற்றிலிருந்து’ மாதிரி ஒரு சொல் கட்டத்தில் வந்தால் அந்த நெடுவரிசை மட்டும் ஊதிப்போகும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ கொடுத்தால் பத்தியில் வேலை செய்யும், சாதாரண அட்டவணையில் செய்யாது. கட்டத்தின் குறைந்தபட்ச அகலத்தை அது குறைப்பதில்லை. ‘எனிவேர்’ என்று கொடுத்தால் குறையும். ஆனால் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டும், படிக்கக் கரடுமுரடாக இருக்கும். தெரிந்த ஒன்றிரண்டு நீளச் சொற்கள்தான் என்றால், உடைக்க வேண்டிய இடத்தில் டபிள்யூபிஆர் டேக் வைத்துவிடுவேன். இடம் போதாதபோது மட்டும் அங்கே உடையும்.

10. வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்துங்கள். பிரவுசர் பழைய சிஎஸ்எஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பு சரி, பிரவுசர்தான் பழசு என்று தெரியாமல் சரியாக இருந்த விதியைக் கெடுத்த நாட்கள் உண்டு.

அப்புறம் எஃப்12. படத்தின் மேல் வலது கிளிக் செய்து ஆய்வு செய்யும் தெரிவைத் திறந்தால், அதற்குப் பொருந்தும் விதிகள் வரிசையாகத் தெரியும். உங்கள் விதி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தால் வேறொன்று அதை மிஞ்சியிருக்கிறது. பட்டியலிலேயே இல்லையென்றால் பெயர் பொருந்தவில்லை, அல்லது கோப்பு வந்து சேரவில்லை.

அடுத்து அரைப்புள்ளி. ஒரு வரியின் முடிவில் அதை விட்டால் அந்த வரியோடு அடுத்த வரியும் சேர்ந்து செத்துவிடும். அலகும் அப்படித்தான்: ‘மார்ஜின்: 10’ என்றால் பிரவுசர் கண்டுகொள்ளாது, 10பிஎக்ஸ் வேண்டும், நடுவே இடைவெளி இல்லாமல். 0க்கு மட்டும் அலகு தேவையில்லை.

இடைவெளி இன்னொரு இடத்திலும் ஏமாற்றும். ‘.முழுப்படம் .சிறுபடம்’ என்றால் முழுப்படத்துக்கு உள்ளே இருக்கும் சிறுபடம். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் இரண்டு கிளாஸும் உள்ள ஒரே டேக்.

11. பழைய பக்கங்களை மாற்றும்போது

டேக்குக்குள் எழுதிய ஸ்டைல் கிளாஸை மிஞ்சும். அதனால் கிளாஸ் சேர்த்தால் மட்டும் போதாது, பழைய ஸ்டைலை அழிக்கவும் வேண்டும். ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு அடக்கிவிடலாம் என்று தோன்றும். நான் ஆறு இடங்களில் போட்டேன், பிறகு அந்த ஆறையும் மிஞ்ச இன்னும் ஆறு போட வேண்டியதாயிற்று.

முழு ஃபோல்டரையும் நகலெடுத்து வைத்துவிட்டு, அதிகம் பேர் பார்க்கும் ஐந்து பக்கங்களில் தொடங்குங்கள். தொகுப்பானின் தேடி மாற்றும் வசதியை எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். நான் ஓட்டியதில் படங்களின் மாற்று உரைகளும் (படம் தெரியாதவர்களுக்காக டேக்கில் எழுதும் விளக்கம்) சேர்ந்து அழிந்தன. அவற்றைத் திரும்ப எழுதவே நான்கு நாள் ஆனது.